அங்கீகரிக்கப்பட்ட சொட்டு

குளியலறைக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்த வரைக்கும் ஏழுமலைக்கு எந்தத் தொல்லையும் இல்லை. அது நின்ற பிறகுதான் எல்லாம் ஆரம்பித்தது.

கும்மிடிப்பூண்டியில், தொழிற்பேட்டைக்குத் திரும்புகிற சாலையில் லாரிகள் வரிசையாக நிற்கிற இடத்தைத் தாண்டினால் தன்னிறைவு நகர் வரும். நான்கு மாடிக் கட்டடங்கள், எல்லாம் ஒரே மஞ்சள். கட்டியது, ஒதுக்கியது, பராமரிப்பது எல்லாமே தொழிலாளர் இல்லத்திறன் கழகம். வீடு கட்டித் தருகிற நிறுவனங்கள் நாட்டில் நிறைய உண்டு. வீட்டோடு சேர்த்து அதில் குடியிருப்பவனையும் கட்டியெழுப்ப வேண்டும் என்று நினைத்தது இந்தக் கழகம் ஒன்றுதான். 'பழுதில்லா இல்லம், பயிற்சியுள்ள உள்ளம்' என்று வாசல் வளைவில் எழுதி வைத்திருந்தார்கள். அந்த வளைவு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்ததால், கீழே போகிறவர்கள் கொஞ்சம் வேகமாகப் போவார்கள்.

மனிதன் எல்லாவற்றுக்கும் அடுத்தவன் கையை எதிர்பார்க்கக் கூடாது என்பது கழகத்தின் கொள்கை. வீட்டுக் கணினி, வீட்டுப் பழுது, பொழுதுபோக்கு ஆகிய மூன்றையும் தானே பார்த்துக்கொள்ளத் தெரிந்தவன்தான் தன்னிறைவு பெற்றவன். ஆகவே தன்னிறைவு நகரில் யார் வேண்டுமானாலும் தன் வீட்டுப் பழுதைத் தானே சரிசெய்துகொள்ளலாம். இவற்றுக்குக் கழகம் வைக்கிற தேர்வில் மூன்று தாளிலும் தேறியிருந்தால் போதும். தேறாமல் கைவைத்தால் வீட்டு ஒதுக்கீடு ரத்து. கழகம் தொடங்கியதிலிருந்து மூன்றிலும் தேறியவர் ஒருவரும் இல்லை. தரத்தில் கழகம் எந்தச் சமரசமும் செய்துகொள்வதில்லை என்பதற்கு ஆண்டறிக்கை இதைத்தான் சான்றாகக் காட்டியது.

ஏழுமலை பழவேற்காடு ஏரிக்கரையில் பிறந்தவன். அவன் அப்பா லோகநாதன் இன்னும் படகில்தான் இருக்கிறார். ஏழுமலை தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையின் பிரஸ் பிரிவில் வேலை பார்த்தான். ஷிப்ட் முழுக்க இரும்புத் தகட்டின் மேல் இரும்பு விழுந்துகொண்டே இருக்கும். அவன் பேச்சுக் குறைந்தவன். வலை போட்டுவிட்டுப் படகில் அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது ஏரியின் மேல் ஒரு அமைதி வந்து படியும். அதைச் சின்ன வயதில் நிறையக் கேட்டு வளர்ந்தவன். இப்போது வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் அவனுக்கு அது கொஞ்சமாவது வேண்டியிருந்தது. வந்து உட்கார்ந்ததும் குழாய் சொட்டும்.

அவன் மனைவி ரோஜாவுக்கு அந்த வீடு வேறு ஒன்று. அதற்கு முன்னால் அவர்கள் மீஞ்சூரில், தண்டவாளத்தை ஒட்டிய ஒற்றை அறையில் இருந்தார்கள். நாலு குடும்பத்துக்கு ஒரு குளியலறை. கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே போகிறவர் பாடிக்கொண்டே குளிக்க வேண்டும். ரோஜாவுக்குப் பாட வராது. தன்னிறைவு நகரில் வீடு கிடைத்த அன்று சாமான்களை வாசலிலேயே போட்டுவிட்டு அவள் நேராகக் குளியலறைக்குள் போனாள். உள்ளேயிருந்து தாழ்ப்பாளைப் போடுகிற சத்தமும் எடுக்கிற சத்தமும் திரும்பத் திரும்பக் கேட்டன. வெளியே வந்தபோது அவள் முகம் கழுவியது போல இருந்தது.

"யோவ், இத்த உட்டு நா எங்கியும் வரமாட்டேன். சொல்லிட்டேன்" என்றாள்.

குழாய் ஒழுகத் தொடங்கியதும் முறைப்படி கழகத்தின் வலைத்தளத்தில் புகார் போட்டவளும் அவள்தான். மழைக்காலம் வந்து போனது. பொங்கல் வந்து போனது. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஏழுமலை பஜாருக்குப் போய் ஒரு வாஷர் வாங்கிவந்தான். யாரும் கேட்காதபடி மெதுவாகக் குழாயைக் கழற்றி, தேய்ந்த வாஷரை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டு முடுக்கினான்.

சொட்டு நின்றது.

இருவரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மின்விசிறிக்கும் ஒரு சத்தம் உண்டு என்பது அப்போதுதான் தெரிந்தது.

"இன்னாய்யா, இவ்ளோ அமைதியா கீது" என்று ரோஜா ரகசியம் போலச் சொன்னாள். அவன் தலையை மட்டும் ஆட்டினான். பேசினால் கலைந்துவிடும் போலிருந்தது.

மறுநாள் காலையில் அவள் கைப்பேசிக்குச் செய்தி வந்தது. தங்கள் புகார் ஏற்கப்பட்டது; உயர்மட்டக் குழு வரும் வெள்ளிக்கிழமை நேரில் ஆய்வு செய்யும்; வாழ்த்துகள்.

புகாரைத் திரும்பப் பெற வலைத்தளத்தில் ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினால், கணினித் தாளில் தேறியவர் மட்டுமே இந்தப் பொத்தானை அழுத்தலாம் என்று வந்தது. ஏழுமலை கழக அலுவலகத்துக்குப் போனான்.

அங்கே உதவிப் பொறியாளர் சுப்பராயன் ஓடாத ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து அட்டை ஒன்றால் விசிறிக்கொண்டிருந்தார்.

"சார், கொழா கம்ப்ளைண்ட வாபஸ் வாங்கிக்கலாம்னு வந்தேன்."

"ஏன், நின்னுடுச்சா?"

ஏழுமலை பேசாமல் நின்றான். அவனுக்கு மௌனம் எப்போதும் உதவியாக இருந்திருக்கிறது. அரசு போன்ற இடங்களில் அது உதவாது என்று தெரியாது.

"நின்னிருந்தா ரெண்டு காரணம்தான் இருக்க முடியும்" என்றார் சுப்பராயன் கனிவாக. "ஒண்ணு, அது ஒழுகவே இல்ல. அப்ப பொய்ப் புகார். ஒதுக்கீடு ரத்து. இல்லன்னா நீங்க கை வச்சிருக்கீங்க. தகுதியில்லாத பழுதுபார்ப்பு. அதுக்கும் ரத்து. நான் யாரையும் சந்தேகப்படுற ஆள் இல்ல தம்பி. அதனால உங்களையே கேக்குறேன். எது?"

"தானா நின்னுபோயிருந்தா சார்?"

சுப்பராயன் விசிறுவதை நிறுத்தினார். "பொருள் தானா கெடும். தானா சரியாகுமா? அப்படி ஒவ்வொண்ணும் தானா சரியாக ஆரம்பிச்சா நாங்கல்லாம் எதுக்கு இருக்கோம்?"

"ஒழுவுது சார்" என்றான் ஏழுமலை.

"நல்லது." அவர் முகம் மலர்ந்தது. "ஒழுகுற வரைக்கும் நீங்க பத்திரம். ஆனா ஒண்ணு. நீங்க போட்டது 'சொட்டு' வகைப் புகார். சொட்டு, ஒழுகல், பீய்ச்சல்னு மூணு வகை வச்சிருக்கோம். வெள்ளிக்கிழம அது சொட்டணும். பீய்ச்சி அடிச்சுதுன்னா அது வேற புகார்; முதல் புகார் பொய்யாயிடும். அப்புறம், புகார்தாரர் பயிற்சின்னு ஒரு வகுப்பும் தேர்வும் மீஞ்சூர்ல இருக்கு. புதன்கிழம போய்ட்டு வந்துடுங்க. அது இல்லாம ஆய்வு கிடையாது."

அவன் ஃபேனைப் பார்ப்பதை அவர் பார்த்தார். "ஒரு ஸ்க்ரூதான். ரெண்டு நிமிஷ வேலை. ஆனா எனக்குப் பொழுதுபோக்குத் தாள்ல போயிடுச்சு. அதனால தொடல. மூணு வெயில் காலமா தொடல. இதுக்குப் பேர்தான் ஒழுக்கம்."

வீட்டுக்கு வந்ததும் ஏழுமலை கேட்ட முதல் கேள்வி, "அந்தப் பழைய வாஷரு எங்க?"

"குப்பையில போட்டேன். பின்ன இன்னா, சாமி படத்துக்கிட்ட வச்சி கும்புடுவாங்களா?"

விஷயத்தைச் சொன்னான். ரோஜா கொஞ்சநேரம் குளியலறைக் கதவையே பார்த்தாள். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "எட்றா பிளேட" என்றாள். பதற்றத்தில் அவளுக்கு மரியாதை விட்டுப்போகும்.

புதிய வாஷரின் ஓரத்தை ஏழுமலை லேசாகச் சீவிப் போட்டான். ஒரு சொட்டும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் சீவினான். அப்போதும் இல்லை. மூன்றாவது தடவை சீவியதும் தண்ணீர் பீய்ச்சி அடித்து, எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பி, ரோஜாவை முழுசாக நனைத்தது. ஒரு பொருளைச் சரியாக்குவதில் இருக்கிற நிதானம் அதைக் கெடுப்பதில் இல்லை என்பது அவனுக்கு வியப்பாக இருந்தது.

சத்தம் கேட்டு மேல்வீட்டுப் பச்சையப்பன் இறங்கி வந்தார். ஊத்துக்கோட்டைப் பக்கம் நிலம் நீச்சு உள்ள குடும்பம். கிரேன் ஓட்ட வந்து இங்கே தங்கிவிட்டவர். வாசலில் நின்றபடி, நனைந்த ரோஜாவையும் பிளேடோடு நிற்கிற ஏழுமலையையும் பார்த்தார். உடனே அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஆய்வா?"

"ஆமாண்ணே."

"சரி பண்ணிட்டியா?"

ஏழுமலை தலைகுனிந்தான்.

"புதுசா வந்தவங்கிட்ட யாரும் சொல்லலியா? அட, இன்னா பேஜாரு இது." உள்ளே வந்து கதவைச் சாத்தினார். "நைனா, இந்த பிளாக்குல ஒழுவுற கொழா ஒண்ணுகூட கெடயாது. எரியாத லைட்டு கெடயாது. எல்லாத்தியும் நாமளே எப்பவோ பாத்துக்கினோம். ஆய்வுன்னு வந்தா மட்டும் கெடுத்துக்குவோம். அதுக்குன்னு ஒரு மொற கீது. நீ பிளேடு எடுத்துக்கினு சொந்தமா கெடுக்கப் பாத்தா எப்பிடி?"

மேலே போய் ஒரு மாத்திரை டப்பாவோடு வந்தார். பஞ்சுக்கு நடுவில் ஒரு வாஷர் இருந்தது. கறுத்து, ஒரு பக்கம் மெலிந்து, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுகிற மாதிரி.

"பொது வாஷரு. இத்தப் போட்டா சொட்டும் பாரு, அப்பிடி ஒரு சொட்டு. ஒழுகாது, பீச்சாது. இத்தினி வருசத்துல ஒரு ஆய்வுலயும் தோத்ததில்ல. வேல முடிஞ்சதும் தொடச்சி பஞ்சுல வச்சி குடுத்துரணும்."

தன்னிறைவு நகரில் அதற்கு முன் ஏழுமலை கவனிக்காத ஒரு வாழ்க்கை இருந்தது. புத்தம் புதிய பல்பு எந்தக் கடையிலும் கிடைக்கும். ஃபியூஸ் போன பல்புக்குத்தான் அங்கே மதிப்பு. இரண்டாவது மாடி செண்பகத்திடம் எரியாத டியூப்லைட் ஒன்று இருந்தது. அதைக் குழந்தையைப் போலத் துணியில் சுற்றி வைத்திருந்தாள். குழு முன்படியில் ஏறி ஒரு வீட்டில் அதைப் பார்த்துக் குறித்துக்கொண்டிருக்கும்; அடுத்த வீட்டுக்குள் அவர்கள் நுழைவதற்குள் அது பின்படி வழியாகப் போய் அங்கே மாட்டப்பட்டிருக்கும். ஒரே டியூப்லைட்டைப் பார்த்துவிட்டு, இந்தப் பகுதியில் டியூப்லைட்டுகள் ஒரே மாதிரி கெடுகின்றன, ஆழ்ந்து ஆராய வேண்டும் என்று கழகம் ஒரு கருத்தரங்கு நடத்தியது.

புதன்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு ஏழுமலை மீஞ்சூருக்கு ரயிலேறினான்.

பயிற்சிக் கூடத்தில் கணினிகள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் உறை. விளக்கு எரியவில்லை. கணினித் தாளின் பயிற்றுநர் அன்புசெல்வன் ஜன்னல் வெளிச்சத்தில் நின்று பேசினார்.

"கூடத்துல கரண்ட் இல்ல. சுவிட்ச் போர்டு போயிடுச்சு. தொடுறதுக்கு எங்கள்ல யாரும் தேறல. இதைக் குறையா நினைக்காதீங்க. கரண்ட் இல்லாமலே கம்ப்யூட்டர் கத்துக்கிட்டவன், கரண்ட் இருந்தா எவ்வளவு நல்லா செய்வான்! இப்ப எல்லாரும் கண்ண மூடிக்குங்க. முன்னாடி ஒரு கம்ப்யூட்டர் ஓடுதுன்னு கற்பனை பண்ணுங்க. திடீர்னு ஹேங் ஆகுது. ஆச்சா?"

"எனக்கு ஆவல சார்" என்றான் பின்வரிசையில் ஒருவன். "நல்லா ஓடிக்கினுதான் கீது."

"அப்ப நீங்க ஃபெயில். வெளிய போங்க."

மற்றவர்களுக்கெல்லாம் அவசர அவசரமாக ஹேங் ஆனது. அணைத்துவிட்டு மறுபடி போட வேண்டும் என்று அன்புசெல்வன் கற்றுக்கொடுத்தார். அணைப்பது இந்தப் பருவம். போடுவது அடுத்த பருவத்துப் பாடத்திட்டம். அதனால் அன்றைக்கு அங்கே கண்மூடி உட்கார்ந்திருந்த எல்லாருடைய கணினியும் இன்றுவரை அணைந்தே இருக்கிறது.

மத்தியானம் பொழுதுபோக்குப் பிரிவு. அதிகாரி குணசுந்தரி ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார்.

"உங்க பொழுதுபோக்கு?"

"மீன் புடிக்கிறது மேடம்."

"கிடைக்குமா?"

"கெடைக்கும் மேடம். எறா, மடவ, கெழங்கான்..."

"என்ன பண்ணுவீங்க?"

"கொழம்பு வப்பாங்க."

"அப்ப அது சாப்பாடு. மிச்சத்த வித்தா தொழில். ரெண்டும் எங்க துறை இல்ல."

ஏழுமலை யோசித்தான். "சில நாளு வல போட மாட்டேன் மேடம். சும்மா தண்ணியப் பாத்துக்கினு ஒக்காந்துருப்பேன்."

"அது சோம்பேறித்தனம்." குணசுந்தரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். இதை அவர் நிறையப் பேருக்குச் சொல்லியிருக்க வேண்டும். ஆனாலும் சலிப்பில்லாமல் சொன்னார். "பொழுதுபோக்குன்னா கைவேலை இருக்கணும். முழு மனசோட செய்யணும். ஆனா முடிவுல கையில ஒண்ணும் மிஞ்சக் கூடாது. எங்க ஆரம்பிச்சோமோ அங்கயே வந்து நிக்கணும். பொழுது மட்டும் போயிருக்கணும். எங்க மாதாந்திரக் கூட்டத்தையே எடுத்துக்குங்க. காலையில உக்காந்து சாயந்தரம் வரைக்கும் அவ்வளவு உழைப்பா பேசுவோம். எழுந்திருக்கும்போது எந்த விஷயமும் ஒரு அங்குலம் நகர்ந்திருக்காது. அந்தப் பக்குவம் வரணும். உங்களுக்கு இன்னும் வரல."

அவன் அந்தத் தாளில் தேறவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் தன்னிறைவு நகர் கல்யாண வீடு மாதிரி இருந்தது. கதவுகளின் கீல்கள் தளர்த்தப்பட்டன. நல்ல கொசுவலைகள் கழற்றப்பட்டுக் கிழிந்தவை மாட்டப்பட்டன. செண்பகம் துணிச்சுருளோடு பின்படியில் தயாராக நின்றாள். பச்சையப்பன் தன் கையாலேயே ஏழுமலை வீட்டுக் குழாயில் பொது வாஷரைப் பொருத்தி, மெல்ல முடுக்கி, காதை வைத்துக் கேட்டு, போதும் என்று கைகாட்டினார்.

சொட்டு விழுந்தது. நின்று, யோசித்து, அடுத்தது விழுந்தது. கூடத்து மூலையில் உட்கார்ந்திருந்த ஏழுமலை அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். தன் வீட்டு அமைதியைத் தன் கையாலேயே வெளியே அனுப்பிவைத்தது போலிருந்தது. ஆனால் வீடு இருக்கும். அது போதும் என்று நினைத்துக்கொண்டான்.

குழு வந்தது. முன்னால் கழகத்தின் இயக்குநர். வெள்ளைச் சட்டை, பேசுவதற்காகவே படைத்த கழுத்து. பின்னால் சுப்பராயன், அன்புசெல்வன், குணசுந்தரி. குளியலறைக்குள் எல்லாரும் நுழைய முடியாததால் இயக்குநரும் சுப்பராயனும் உள்ளே நின்றார்கள். மற்றவர்கள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். எல்லாரும் பேச்சை நிறுத்திக் கேட்டார்கள்.

டப்.

"ஆகா" என்றார் இயக்குநர்.

டப்.

"சுப்பராயன், எத்தன வீடு பாத்திருக்கேன். கசியிறதுக்குக்கூட ஒரு ஒழுங்கு வேணாமா? இது பாருங்க. அவசரம் இல்ல, அலட்சியம் இல்ல. கழகம் இத்தன வருஷமா மக்களுக்கு எதைச் சொல்லிக்கொடுக்கப் பாடுபடுதோ, அதை இந்தக் குழாய் புரிஞ்சுக்கிட்டிருக்கு."

அவர் கூடத்துக்கு வந்தார். அவர் பேசப் போகிறார் என்று தெரிந்து மூன்று அதிகாரிகளும் நிமிர்ந்து நின்றார்கள்.

"வெளியில நம்மளக் கேக்குறாங்க. ஒரு குழாய மூட உங்களுக்கு இவ்வளவு காலமான்னு. அறியாத ஜனங்க. மூடுறது பெரிய விஷயமா? எவன் வேணா மூடிடுவான். மூடிட்டா அதோட முடிஞ்சுபோச்சு. ஒரு பழுத மூடாம வச்சிருந்தாத்தான் அதைப் பார்வையிடலாம், வகைப்படுத்தலாம், பயிற்சி கொடுக்கலாம். இந்தக் கழகத்துல எண்பது பேர் குடும்பம் நடத்துறோம். எதனால? பழுதால! ஒரு குழாய் சரியானா ஒரு நாற்காலி காலியாகும். நல்ல பழுது நாட்டோட சொத்து. ஆகவே" என்று குளியலறைப் பக்கம் கைகாட்டினார், "இதை முன்மாதிரிச் சொட்டா அறிவிக்கிறேன். இந்த வீடு இனிமே பயிற்சி மையம். வாரா வாரம் இங்க வகுப்பு நடக்கும். குடியிருக்கிறவங்க மாசக் கடைசிக்குள்ள வேற இடம் பாத்துக்கட்டும்."

கைதட்டினார்கள். ஏழுமலைக்கு முதலில் கைதட்டல்தான் கேட்டது; சொன்னது பிறகுதான் உள்ளே போனது. அவன் ரோஜாவைப் பார்த்தான். அவள் குளியலறைக் கதவின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னா சார் சொல்றீங்க? கொழா ஒழுவுதுன்னு சொன்னதுக்கு ஊட்டப் புடுங்கிக்குவீங்களா?"

"பிடுங்கல அம்மா. உயர்த்துறோம்" என்றார் இயக்குநர்.

அப்போது சொட்டு நின்றது.

பொது வாஷருக்கு வயதாகிவிட்டதோ, இத்தனை பேர் நின்றதில் குழாய் அசைந்துவிட்டதோ, அடுத்த சொட்டு வரவில்லை. இயக்குநர் காதைத் தீட்டினார். சுப்பராயன் உள்ளே ஓடிக் குழாயை எட்ட இருந்து பார்த்தார். அறையில் யாரும் மூச்சு விடவில்லை. ஏழுமலை மட்டும், இந்த நிலைமையிலும், அந்த அமைதியைக் கொஞ்சம் கேட்டுக்கொண்டான்.

"என்ன ஆச்சு?" என்றார் இயக்குநர். "அன்புசெல்வன், ஏதாவது பண்ணுங்க!"

"அணைச்சிட்டுப் போட்டுப் பாக்கலாம் சார். ஆனா போடுறது அடுத்த பருவம்."

ஏழுமலை எழுந்து போனான். குழாயின் கழுத்தைப் பிடித்து, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினான். பிரஸ் பிரிவில் சிக்கிய தகட்டைத் தட்டுகிற அதே தட்டு.

டப்.

இயக்குநர் சுவரில் சாய்ந்துகொண்டார். ரோஜாவின் கண் அவர் முகத்தையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்தது. அவள் தாழ்ப்பாளை விட்டாள்.

"எடுத்துக்குங்க சார்" என்றாள். "நாங்க போய்க்கினே இருக்கோம். ஆனா அது இவுரு கைக்கித்தான் சொட்டும். இவுரு ஒரு வாரம் ஊருக்குப் போனாரு, இது நின்னுபோச்சு. வந்து கை வச்சாரு, மறுபடியும் சொட்டுச்சி. நீங்க வகுப்பு நடத்தறப்போ நின்னுடுச்சின்னா எங்களக் கேக்கக் கூடாது, ஆமா."

"நின்னுடுமா?"

"ஒரேயடியா நின்னுடும் சார்."

அந்தச் சொல் இயக்குநரை உலுக்கியது. நால்வரும் சமையலறையில் கூடிப் பேசினார்கள். ரோஜா எல்லாருக்கும் டீ போட்டாள். தன் வாஷரை வாங்கிப் போக வந்த பச்சையப்பன் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

முடிவு அறிவிக்கப்பட்டது. முன்மாதிரிச் சொட்டைப் பேணுவதற்கு, அதனோடேயே தங்கியிருக்கும் ஒரு காப்பாளர் தேவை. ஏழுமலை கசிவுக் காப்பாளராகக் கௌரவ நியமனம் பெறுகிறார். சொட்டு உள்ள வரை வீடு அவருடையது. சொட்டு நின்றால் ஒதுக்கீடு ரத்து. அவர் சேவையைப் பாராட்டி வீட்டுப் பழுதுத் தாளில் தேர்ச்சி வழங்கப்படுகிறது. கணினித் தாளிலும் வழங்கப்படுகிறது. இயக்குநர் அவர் பக்கம் திரும்பியதுமே அன்புசெல்வனும் சரி என்றுவிட்டார். இனி ஏழுமலை தன் வீட்டில் எந்தப் பழுதையும் பார்க்கலாம். அந்தக் குழாயைத் தவிர.

"பொழுதுபோக்குத் தாள்?" என்று இயக்குநர் கேட்டார்.

குணசுந்தரி தலையசைத்தார். "தரத்துல சமரசம் கிடையாது சார்."

குழு போன பிறகு பச்சையப்பன் உள்ளே வந்து குளியலறையைப் பார்த்தபடி நின்றார். அவர் கையில் காலி மாத்திரை டப்பா இருந்தது.

"மொத்த பிளாக்கோட வாஷருப்பா அது" என்றார். "உன் ஊட்டுல வச்சே கழகத்துக்குத் தார வாத்துட்டியே. இன்னொண்ணு அந்தப் பதத்துக்குத் தேயறதுக்கு எத்தினி வருசம் ஆவுமோ."

அவர் டப்பாவை மூடிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மாடியேறினார்.

அதற்குப் பிறகு வியாழக்கிழமைதோறும் மீஞ்சூரிலிருந்து ஆட்கள் வந்து, செருப்பை வாசலில் விட்டுவிட்டு, குளியலறை வாசலில் வரிசையாக நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். சிலர் குறிப்பெடுத்தார்கள். ஒரு தடவை ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்றைக்கெல்லாம் ரோஜா விடிவதற்குள் குளித்துவிடுவாள். மற்ற நாட்களில் தாழ்ப்பாள் அவளுடையது. உள்ளே அவள் தாழ்ப்பாளைப் போடுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம், சரி, இருக்கட்டும் என்று ஏழுமலைக்குத் தோன்றும். பிறகு சொட்டு கேட்கும்.

அவன் ஷிப்ட் முடிந்து வந்து கூடத்தில் உட்காருவான். ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில் ஏரியைத் தேடுவான். கரை தெரிவதற்குள் அடுத்தது விழுந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தொழிற்பேட்டை லாரிகள்கூடத் தூங்குகிற நேரம். ரோஜா வாசற்கதவைச் சாத்தி, ஜன்னலைச் சாத்தி, அவன் முன்னால் வந்து கையை விரித்தாள். உள்ளங்கையில் ஒரு புதிய வாஷர் இருந்தது.

"செத்த நேரம்தான்யா" என்றாள். "யாரும் வரமாட்டாங்க."

அவன் மேல்வால்வை மூடினான். குழாயைக் கழற்றி, பொது வாஷரை எடுத்துத் துடைத்துப் பஞ்சில் வைத்தான். புதியதைப் போட்டு முடுக்கினான். வால்வைத் திறந்தான்.

கூடத்துக்கு வந்து இருவரும் உட்கார்ந்தார்கள். ரோஜா சுவரில் தலைசாய்த்துக் கண்ணை மூடினாள். அமைதி மெதுவாக வந்து, தரையில் படிந்து, ஏறிக்கொண்டே போனது. அவனுக்குப் படகின் விளிம்பு கையில் தட்டுப்பட்டது. தூரத்தில் ஒரு பறவை நீரைத் தொடாமல் போயிற்று.

வெயில் ஜன்னல் விளிம்பிலிருந்து இறங்கியபோது ரோஜா கண்ணைத் திறந்தாள்.

"மாட்டுய்யா. எவனா வந்துடப் போறான்."

அவன் எழுந்து போய், புதியதைக் கழற்றி, பஞ்சிலிருந்து பழையதை எடுத்துப் போட்டு, பச்சையப்பன் காட்டிய அளவுக்கு மெல்ல முடுக்கினான். காதை வைத்துக் கேட்டான். சரியாக இருந்தது. கையைக் கழுவித் துடைத்துக்கொண்டபோதுதான் அவனுக்கு உறைத்தது. கைவேலை இருந்தது. முழு மனதோடு செய்திருக்கிறான். கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. ஆரம்பித்த இடத்திலேயே வந்து நிற்கிறான். பொழுது போயிருக்கிறது.

கழகத்தின் வரலாற்றில் மூன்று தாளிலும் தேறிய முதல் மனிதன் குளியலறையில் தனியாக நின்றுகொண்டிருந்தான். இதை யாரிடமும் சொல்ல முடியாது.

டப்.